கல்லூரியில் யார்டுகளைக் குவித்தவர் என்எஃப்எல்லில் தாக்குப்பிடிப்பாரா? வைட் ரிசீவரை எடைபோடும் கணக்கு

என்எஃப்எல் என்பது அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக். அதன் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். 2020 ஏப்ரலில் நடந்த டிராஃப்டில், 21ஆவது தேர்வாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த தேர்விலேயே மினசோட்டா வைக்கிங்ஸ், லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தது. இருவரும் வைட் ரிசீவர்கள், அதாவது எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்கள். அப்படிப் பிடித்து அணியை முன்னேற்றும் தூரத்தை யார்டில் எண்ணுவார்கள். ஈகிள்ஸில் ஆடிய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால்கூட ரேகர் 700 யார்டைத் தொடவில்லை. ஜெஃபர்சன் முதல் ஆண்டிலேயே 1,400 யார்டு எடுத்தார். முதல் ஐந்து சீசன்களில் 7,432 யார்டு. லீக் வரலாற்றில் வேறு எவரும் முதல் ஐந்து சீசன்களில் அவ்வளவு எடுத்ததில்லை. 2022இல் ஈகிள்ஸ் ரேகரை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டது. வாங்கிக்கொண்ட அணி, வேடிக்கையாக, அதே மினசோட்டாதான்.

ஈகிள்ஸ் ஆட்கள் ஆட்டம் தெரியாதவர்கள் இல்லை. ஜெஃபர்சனைத் தாண்டிப் போனது அவர்கள் மட்டுமும் இல்லை. ஹென்றி ரக்ஸ், ஜெர்ரி ஜூடி, சீடீ லாம் என்று இன்னும் மூன்று ரிசீவர்கள் அவருக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் டிராஃப்ட் முடிந்ததும் இதே குழப்பம் எழுகிறது: கல்லூரியில் இவ்வளவு அடித்தவரை ஏன் யாரும் எடுக்கவில்லை, ஒன்றுமே செய்யாதவர் எப்படி மேலே போனார்? இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து போவோம்.

வைட் ரிசீவரின் வேலை என்ன?

அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு பக்கம் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகளில் 10 யார்டு முன்னேற வேண்டிய கட்டாயம். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். முன்னால் ஓடி அதைப் பிடிப்பவர்களில் முக்கியமானவர் வைட் ரிசீவர். அவரை ஒட்டிக்கொண்டு தடுப்பவர் கார்னர்பேக்.

ரிசீவர் தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை. எத்தனை யார்டு நேராகப் போவது, எங்கே திரும்புவது, உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதெல்லாம் முன்பே முடிவான பாதை. அதற்கு ரூட் என்று பெயர். குவார்ட்டர்பேக் பல சமயம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடுவார். ஆக, சரியான இடத்துக்குச் சரியான நொடியில், தடுப்பவரைவிட ஓர் எட்டு தள்ளி வந்து நிற்பதுதான் வேலை. அந்த இடைவெளியை செபரேஷன் என்கிறார்கள். பந்தைப் பிடிப்பது அதற்கு அப்புறம்.

ரிசீவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து வேலையின் கடினமும் மாறும்.

1. எக்ஸ்: ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே, ஓரத்தில் நிற்பவர். எதிரே கார்னர்பேக் கை எட்டும் தூரத்தில் நிற்கலாம். அப்படி முகத்துக்கு நேரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தடுப்பதுதான் பிரெஸ்.

2. ஸெட்: மறுபக்க ஓரம். கோட்டிலிருந்து ஓர் எட்டு பின்னால் நிற்பதால் பிரெஸ் செய்வது கொஞ்சம் கடினம்; பந்து ஆட்டத்துக்கு வருமுன் பக்கவாட்டில் நகரவும் முடியும்.

3. ஸ்லாட்: ஓரத்து ரிசீவருக்கும் நடுவரிசைக்கும் இடையில் நிற்பவர். இரண்டு பக்கமும் திரும்ப இடமுண்டு. பல சமயம் எதிரே அணியின் சிறந்த கார்னர்பேக் இருக்கமாட்டார்.

ஜெஃபர்சன் கதையின் முடிச்சு இந்த மூன்றாவதில் இருக்கிறது. கொஞ்சம் பிறகு அதற்கு வருகிறேன்.

கல்லூரி மைதானம் வேறு, என்எஃப்எல் மைதானம் வேறு

இரண்டு மைதானங்களும் ஒரே அகலம்தான், 160 அடி. ஆனால் உள்ளே போட்டிருக்கும் ஹாஷ் கோடுகளின் இடைவெளி வேறு. ஒவ்வொரு முறையும் பந்தை இந்தக் கோடுகளுக்கு வெளியே வைக்க முடியாது. கல்லூரியில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்.

சின்ன விஷயம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடியைப் பாதுகாப்பு அணி முழுவதுமாக அடைக்க முடியாது. பயிற்சியாளர் தன் வேகமான ரிசீவரை அந்தப் பக்கம் நிறுத்தி, கிடைமட்டமாக ஒரு குட்டிப் பந்தை எறியச் சொன்னாலே எட்டு, பத்து யார்டு வந்துவிடும். என்எஃப்எல்லில் அதே பக்கம் அதிகபட்சம் சுமார் 89 அடிதான். அடைக்க வருபவர்களும் வேகமானவர்கள்.

இதோடு இன்னும் சில வேறுபாடுகள். கல்லூரியில் எல்லைக்குள் ஒரு கால் பட்டாலே கேட்ச். என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். பந்துகூட ஒன்றல்ல. கல்லூரிப் பந்தில் வெள்ளைப் பட்டை உண்டு, என்எஃப்எல் பந்தில் இல்லை. 2021இல் ஐந்தாவது தேர்வாகப் போன ஜமார் சேஸ், பயிற்சி ஆட்டங்களில் பந்தை நழுவவிட்டபோது இந்தப் பட்டையைத்தான் காரணமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த சீசனில் அவர் 1,455 யார்டு எடுத்ததும் சிரிப்பு நின்றது.

எல்லாம் கல்லூரி வீரருக்குப் பாதகமாகவே இருக்கும் என்றும் இல்லை. என்எஃப்எல்லில் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டு தாண்டினால் ரிசீவர்மேல் கைவைக்கக் கூடாது. கல்லூரியில் அப்படி ஒரு ஐந்து யார்டு விதி கிடையாது. முதல் ஐந்து யார்டைப் பிழைத்துத் தாண்டத் தெரிந்தவருக்கு என்எஃப்எல் விதிகள் உதவியே செய்கின்றன.

எண்களை எப்படி வாசிப்பது?

மொத்த யார்டு என்பது மிக மோசமான அளவுகோல். ஓர் அணி ஆட்டத்துக்கு 50 முறை பந்தை எறியும், இன்னொன்று 22 முறை எறியும். முதல் அணியின் மூன்றாவது ரிசீவர், இரண்டாவது அணியின் நட்சத்திரத்தைவிட அதிக யார்டு எடுத்துவிடலாம். அதனால் கணக்கு வேறு விதமாகப் போடப்படுகிறது.

1. பங்கு. அணி பிடித்த மொத்த யார்டில் இவருடையது எவ்வளவு, டச்டவுனில் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எவ்வளவு என்று பார்த்து, இரண்டின் சராசரியை எடுப்பது. டாமினேட்டர் என்று சொல்வது இதைத்தான். அணி 3,000 யார்டும் 20 டச்டவுனும் எடுத்திருக்க, இவருடையது 900 யார்டும் 8 டச்டவுனும் என்றால் 30 சதவீதம், 40 சதவீதம், சராசரி 35.

2. வயது. அந்தப் பங்கு முதன்முதலில் 20 சதவீதத்தையோ அதற்கு மேலோ தொட்டபோது வயது என்ன? 19 வயதில் 22 வயதுக்காரர்களைத் தாண்டி ஆடியவருக்கு ஒரு மதிப்பு. 23 வயதில் 19 வயதுக்காரர்களைத் தாண்டியவருக்கு வேறு மதிப்பு. இதை பிரேக்அவுட் வயது என்கிறார்கள்.

3. ஓடிய ரூட்டுக்கு எத்தனை யார்டு. 500 ரூட் ஓடி 1,000 யார்டு எடுத்தவருக்கு 2. 250 ரூட் ஓடி 700 எடுத்தவருக்கு 2.8. மொத்தத்தில் பின்தங்கியவர் இங்கே முன்னால் வந்துவிடுகிறார். காயத்தால் பாதி சீசன் உட்கார்ந்தவர்களையும், நெரிசலான அணியில் மாட்டியவர்களையும் இது ஓரளவு காப்பாற்றும்.

மூன்றில் எனக்கு நம்பிக்கை அதிகம் மூன்றாவதில்தான். அதுவும் தடுக்கிவிழும் இடம் உண்டு. கிடைமட்டமாக எறியும் அந்தக் குட்டிப் பந்துகளை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ரிசீவர் யாரையும் ஏமாற்றாமல், யாரையும் தாண்டாமல், பயிற்சியாளரின் திட்டத்தால் மட்டும் கிடைத்த யார்டு அது.

எதிராளி யார் என்பது அடுத்த கேள்வி. ரஞ்சிக் கோப்பையில் ரன் குவித்தவர் டெஸ்டில் நிற்பாரா என்று நாம் கேட்பதைப் போலத்தான் இதுவும். கூப்பர் கப் என்ற ரிசீவர், ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற இரண்டாம் அடுக்குக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் 6,464 யார்டு எடுத்தார். அந்த எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனால் 2015இல் முதல் அடுக்கைச் சேர்ந்த ஆரிகனுக்கு எதிராக 15 கேட்ச், 246 யார்டு எடுத்தாரே, அந்த ஒரு ஆட்டத்துக்கு மற்றவற்றைவிட அதிக எடை கொடுக்க வேண்டும்.

40 யார்டு ஓட்டம் எவ்வளவு சொல்லும்?

டிராஃப்டுக்கு முன், பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் கல்லூரி வீரர்களைச் சோதிக்கும் கம்பைன் நடக்கும். உயரம், எடை, தாவல், திரும்பும் வேகம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அங்கே. தொலைக்காட்சிக்குப் பிடித்தது 40 யார்டு ஓட்டம், அதாவது சுமார் 36.6 மீட்டர்.

2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் அதை 4.22 விநாடியில் ஓடி அப்போதைய சாதனையைப் படைத்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9ஆவது தேர்வாக எடுத்தது. முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை. அதே கம்பைனில் கூப்பர் கப் ஓடியது 4.62. அவர் 69ஆவதாகத்தான் போனார். 2021இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன். மூன்றிலுமே லீகில் முதலிடம். கூடவே லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் விருதும்.

இதைப் படித்துவிட்டு வேகம் தேவையில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ராஸுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. கல்லூரியிலேயே முழங்கால் காயத்தால் 2015 சீசன் முழுவதையும் இழந்தவர் அவர். 9ஆவது இடத்தில் எடுக்கும்போது ஓட்டக் கடிகாரத்தைவிட மருத்துவ அறிக்கையை அதிகம் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம்.

2019இல் டிகே மெட்காஃப் விஷயம் இதற்கு நேர்மாறானது. 103 கிலோ உடம்போடு 4.33இல் ஓடினார். ஆனால் மூன்று கூம்புகளைச் சுற்றித் திரும்பும் சோதனையில் 7.38 விநாடி. குவார்ட்டர்பேக்கான டாம் பிரேடி 2000இல் இதே சோதனையை 7.20இல் முடித்தவர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மெட்காஃப் 64ஆவது இடம் வரை சரிந்தார். சியாட்டில் அவரை எடுத்து, நேராக ஓடவேண்டிய ரூட்டுகளை அதிகம் கொடுத்தது. அவர் இரண்டாவது சீசனில் 1,300 யார்டு தாண்டினார். ஆள் எல்லாமும் செய்வாரா என்று கேட்டவர்கள் அவரைத் தவறவிட்டார்கள். எதைச் செய்வார் என்று கேட்டவர்களுக்கு ஆள் கிடைத்தார்.

எடைக்கும் இதே நிலைதான். 2020இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய அலபாமாவின் டெவான்டா ஸ்மித்தின் எடை வெறும் 75 கிலோ. காற்றடித்தால் பறந்துவிடுவார் என்ற பேச்சு நிறைய. ஈகிள்ஸ் அவரை 10ஆவது தேர்வாக எடுத்தது. முதல் சீசனிலேயே 916 யார்டு. கைக்கே சிக்காதவரை எடைபோட்டு அடிக்க முடியாது.

வீடியோவில் பார்க்க வேண்டியது

எண்கள் எல்லாம் கேள்விகளை எழுப்பும். பதில் ஆட்ட வீடியோவில்தான் இருக்கிறது. அணிகளுக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்கள் பார்ப்பது இவற்றை:

1. முதல் இரண்டு எட்டு. பிரெஸ் செய்யும் கார்னர்பேக்கின் கையைத் தட்டிவிட்டு, தோளைக் காட்டி ஏமாற்றி, நேரம் வீணாக்காமல் கிளம்புகிறாரா? இதை ரிலீஸ் என்பார்கள். கல்லூரியில் சிலருக்கு எதிரே யாரும் பிரெஸ் செய்வதே இல்லை. அப்படியானால் இந்தக் கேள்விக்கு வீடியோவில் விடையே இருக்காது. ஜனவரி இறுதியில் அலபாமாவின் மொபைல் நகரில், டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பவுல் ஆட்டத்தின் பயிற்சிகளுக்கு மதிப்பு வருவது இதனால்தான். அங்கே ஒரு ரிசீவர், ஒரு கார்னர்பேக், ஒளிந்துகொள்ள இடமில்லை.

2. பிரேக். முழு வேகத்தில் ஓடுபவர் நின்று திரும்ப எத்தனை எட்டு எடுக்கிறார்? இடுப்பை இறக்கி இரண்டு மூன்று எட்டில் திரும்பினால் தடுப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஐந்தாறு எட்டு எடுத்தால் தடுப்பவருக்குச் சீட்டு எழுதி அனுப்பியது மாதிரி. இன்னொன்றும் உண்டு: நேராக ஓடப்போகும்போதும், திரும்பப்போகும்போதும் ஆரம்ப ஓட்டம் ஒரே மாதிரி இருக்கிறதா? திரும்பும் ரூட்டில் மட்டும் தலை நிமிர்ந்து, வேகம் குறைந்தால் என்எஃப்எல் கார்னர்பேக் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதிவேகக்காரர்கள் பலர் தடுக்கிவிழுவது இங்கேதான். அந்த வேகத்தை நிறுத்தவும் தெரிய வேண்டுமே.

3. ஸோன் தடுப்பு. ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடித்து நிற்கும்போது, நடுவிலிருக்கும் ஓட்டையைக் கண்டு அங்கே நிற்கத் தெரிகிறதா? கப்பின் மொத்தப் பிழைப்பும் இதில்தான்.

4. கை. பந்தைக் கையால் பிடிக்கிறாரா, நெஞ்சில் அணைக்கிறாரா?

5. பிடித்த பிறகு எடுக்கும் யார்டும், சக வீரருக்காகத் தடுத்துக் கொடுக்கும் மனமும். இவை இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், முதல் மூன்றுக்கு மாற்று ஆகாது.

இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. தடுப்பவர் முதுகில் தொங்கிக்கொண்டிருக்க, எம்பிப் பிடிக்கும் கேட்ச்கள்தான் சுருக்க வீடியோக்களில் அழகாகத் தெரியும். அதை ஒரு திறமை என்று நம்பித்தான் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2019இல் அரிசோனா ஸ்டேட்டின் நகீல் ஹாரியை முதல் சுற்றின் கடைசித் தேர்வாக எடுத்தது. கல்லூரியில் இரண்டு முறை 1,000 யார்டு தாண்டியவர். பேட்ரியட்ஸில் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 598. கல்லூரியில் ஏன் எல்லாக் கேட்ச்சிலும் முதுகில் ஆள் தொங்கினார் என்று முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும். இடைவெளி உண்டாக்கத் தெரியாததன் அடையாளம் அது.

அதே டிராஃப்டில் ஒஹாயோ ஸ்டேட்டின் டெர்ரி மெக்லாரின் 76ஆவதாகப் போனார். கல்லூரியில் கடைசி ஆண்டில் 35 கேட்ச், 701 யார்டு. நெரிசலான அணி, வயது 23, பங்கு குறைவு. எண்களைக் கொண்டு மட்டும் தேடியிருந்தால் ஆள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார். சீனியர் பவுலில் அவரை யாராலும் ஒட்ட முடியவில்லை. வாஷிங்டன் அணிக்கு முதல் சீசனில் 919 யார்டு, பிறகு 2020 முதல் 2024 வரை ஒவ்வொரு சீசனிலும் 1,000க்கு மேல்.

சரி, ஜெஃபர்சனை ஏன் தவறவிட்டார்கள்?

2019இல் லூயிசியானா ஸ்டேட் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச்டவுன் எறிந்தார். ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச்டவுன். இருந்தும் சந்தேகம் வந்தது. அவர் ஏறத்தாழ முழு சீசனும் ஸ்லாட்டில் ஆடினார். ஓரத்தில் ஜமார் சேஸ் இருந்தார், எதிரணியின் சிறந்த கார்னர்பேக்குகள் அவரைக் கவனித்துக்கொண்டார்கள், பரோ வேறு எல்லோரையும் பெரிய ஆளாகக் காட்டினார். ஓரத்தில் நிறுத்தினால் பிரெஸ்ஸைத் தாண்டுவாரா என்பதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. விடையும் கையிலேயே இருந்தது என்பதுதான் விஷயம். 2018இல் அதே ஜெஃபர்சன் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆடினார். அப்போது பரோ இன்னும் சாதாரண குவார்ட்டர்பேக், சேஸ் முதலாம் ஆண்டு மாணவர். அந்த நிலையிலும் 875 யார்டு எடுத்து அணியில் முதலிடம். அப்படியானால் அவர் ஸ்லாட்டுக்குப் போனது ஓரத்தில் ஆடத் தெரியாததால் அல்ல, அங்கே நிறுத்த வேறு இருவர் கிடைத்ததால். வேகத்துக்குப் பேர்போன ரேகர் கம்பைனில் ஓடியது 4.47, ஜெஃபர்சன் 4.43. ஈகிள்ஸ் தேடிய வேகமும் இவரிடம்தான் கொஞ்சம் அதிகம்.

கடைசி சீசனை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ஸ்லாட் ஆள். இரண்டு சீசனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, எங்கே நிறுத்தினாலும் இடைவெளி உண்டாக்கும் ஆள். ரேகருக்கும் இப்படியே பார்த்திருக்கலாம். 2018இல் 1,061 யார்டு எடுத்தவர் 2019இல் 611க்கு இறங்கினார். குவார்ட்டர்பேக் சரியில்லை என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. ஒருவருக்கு நல்ல குவார்ட்டர்பேக்கைக் காரணம் காட்டிக் குறைத்தார்கள், மற்றவருக்கு மோசமான குவார்ட்டர்பேக்கைக் காரணம் காட்டிக் கூட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமான சரிக்கட்டல்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ததும் தராசு புரண்டுவிட்டது.

இதில் பணம் எங்கே வருகிறது?

டிராஃப்டில் வரும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். சம்பளம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தது. பேரம் பேச அதிகம் இடமில்லை. முதல் சுற்று வீரருக்கு ஐந்தாவது ஆண்டை அணி தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெஃபர்சனின் முதல் நான்கு ஆண்டு ஒப்பந்தம் சுமார் 1.3 கோடி டாலர். 2024இல் போட்ட அடுத்த ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 14 கோடி டாலர். 2025இல் சேஸ் வாங்கியது நான்கு ஆண்டுக்கு 16.1 கோடி. அதே ஆண்டில் ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பே 27.92 கோடி டாலர்தான். ஆண்டுக்கு மூன்றரை, நான்கு கோடியை ஒரே ரிசீவருக்குக் கொடுத்தால் மற்ற இடங்களில் கை கடிக்கும். ஆகவே மலிவான முதல் நான்கு ஆண்டுகளில் நல்ல ரிசீவர் கிடைப்பதுதான் லாபம். 2023இல் ஐந்தாவது சுற்றில், 177ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்த பூகா நகூவா முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்டு எடுத்தது அந்த அணிக்குப் புதையல். மாறாக, முதல் சுற்றில் தவறினால் இழப்பது சம்பளத்தை மட்டுமல்ல. நான்கு ஆண்டு காத்திருப்பும் அதோடு போகிறது.

இப்போது இந்தக் கணக்கில் வயதின் பகுதி ஆட்டங்காணத் தொடங்கியிருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. கோவிட் காலத்துக்காக ஓர் ஆண்டு கூடுதலாகவும் கிடைத்தது. முன்பெல்லாம் 21 வயதில் கிளம்பியிருக்கக்கூடிய நடுத்தர வீரர் இப்போது 23 வரை இருக்கிறார், கல்லூரியிலேயே பணமும் வருகிறது. சவுத் கரோலினாவின் சேவியர் லெகெட் முதல் நான்கு சீசன்களையும் சேர்த்து 500 யார்டைத் தொடாதவர். ஐந்தாவது ஆண்டில் 1,255 எடுத்தார். கரோலினா பேந்தர்ஸ் 2024இல் முதல் சுற்றின் கடைசித் தேர்வாக அவரை எடுத்தது. முதல் சீசனில் 500ஐ எட்டவில்லை. அவருக்கு அடுத்த இரண்டாவது தேர்வில், 34ஆவதாகப் போன ஜார்ஜியாவின் லாட் மெக்கான்கி, கல்லூரியில் கடைசி ஆண்டு காயத்தோடு 478 யார்டு மட்டுமே எடுத்தவர். என்எஃப்எல்லில் முதல் ஆண்டில் 1,149.

பழைய பிரேக்அவுட் வயதுக் கணக்குகள் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்கு முந்தைய வீரர்களை வைத்துப் போடப்பட்டவை. அதனால் வயது முதிர்ந்தவர் எல்லோரையும் ஒரே கோட்டால் அடிப்பது இனிச் சரிவராது; ஏன் தாமதமானார் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் தாமதத்துக்கு எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் ஒரு விலை உண்டு: 24 வயதில் வருபவரின் முதல் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 28 ஆகியிருக்கும், பெரிய பணம் கேட்கும் இரண்டாவது ஒப்பந்தம் கால்களின் வேகம் குறையத் தொடங்கும் ஆண்டுகளில் போய் விழும்.